மும்பை ஃபோர்ட்டின் கோர்ட்டுத் தெருக்கள்: ஒரு குமாஸ்தாவின் வழி

நீங்கள் கேட்டிருப்பது இது. திருநெல்வேலியிலிருந்து வருகிறீர்கள், மகள் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, செம்பூரில் மைத்துனர் வீட்டில் தங்கல். மும்பையின் பழைய நீதிமன்றப் பகுதியை ஒரு காலைப் பொழுதில் நடந்தே பார்த்துவிட முடியுமா, ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் இருக்காதே, எங்கே தொடங்குவது, உங்கள் முழங்கால் தாங்குமா?

முழங்கால் தாங்கும். நான் சொல்லும் வழி முழுவதும் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அங்கே இருப்பது கல்லும் புறாவும்தான். சமையல் ஓய்ந்த பிறகு போய்க் கல்யாண வீட்டைப் பார்ப்பது போல இருக்கும். வேலை நாளில் காலை ஒன்பதரைக்கு அங்கே இருங்கள். மே மாத விடுமுறை, தீபாவளி விடுமுறை, கிறிஸ்துமஸ் விடுமுறை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்கலாம். 1984-ல் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் சான்றிதழ்களோடு தாதரில் வந்து இறங்கியவன். ஃபோர்ட்டில் ஒரு சாலிசிட்டர் (வழக்குகளைத் தயார் செய்து கொடுக்கும் வக்கீல்) அலுவலகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, மானேஜிங் கிளார்க்காக ஓய்வு பெற்றேன். முப்பத்து மூன்று வருடம் கறுப்புக் கோட்டுகளுக்குப் பின்னால் கட்டுக் காகிதம் தூக்கிக்கொண்டு நடந்த கால்கள் இவை. கட்டடக்கலை படித்தவர்கள் சொல்லும் வழி வேறாக இருக்கும்.

செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் சி.எஸ்.எம்.டி. (பழைய வி.டி. ஸ்டேஷன்) வரை வாருங்கள். அங்கிருந்து டாக்ஸி பிடித்து லயன் கேட் என்று சொல்லுங்கள். கடற்படைத் தளத்தின் சிங்க முக வாசல் அது. பலரும் அந்தச் சிங்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் சிங்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று எதிர்ப்புறம் பாருங்கள். கிரேட் வெஸ்டர்ன் பில்டிங் என்று பெயர், சிறு கடைகளும் அலுவலகங்களுமாகக் களைத்துப்போன ஒரு பழைய கட்டடம். கவர்னர் ஹார்ன்பி குடியிருந்த வீடு. 1800 முதல் 1878 வரை பம்பாயின் தலைமை நீதிமன்றம் இங்கேதான் இருந்தது. முதலில் ரெக்கார்டர் கோர்ட், 1824-லிருந்து அன்றைய பம்பாய் சுப்ரீம் கோர்ட், பிறகு 1862 ஆகஸ்ட் 14-ஆம் தேதி தொடங்கிய உயர் நீதிமன்றம். நம் சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியது அதற்கு மறுநாள், ஆகஸ்ட் 15. ஆக, பம்பாய் ஹைகோர்ட் தன் முதல் பதினாறு ஆண்டுகளைக் கழித்தது இந்த வாடகை வீட்டில். வீட்டைப் பார்த்துவிட்டுப் போனால்தான் மாளிகையின் அருமை தெரியும் என்பதால் உங்களை இங்கே இறக்கிவிடுகிறேன்.

மாளிகைக்குப் பணம் எப்படி வந்தது? 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த பருத்தி நின்றது. பம்பாய்ப் பருத்திக்கு யோகம் அடித்தது. அதே காலத்தில் கவர்னர் பார்ட்டில் ஃப்ரியர் கோட்டைச் சுவர்களை இடிக்க வைத்தார். சுவர் போன இடத்தில், மேற்கே கடலைப் பார்த்தபடி, அரசுக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. 1865-ல் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்து பலர் ஓட்டாண்டி ஆனார்கள். ஆனால் வரைபடங்கள் தயாராகிவிட்டன, கட்டடங்கள் நிற்கவில்லை.

லயன் கேட்டிலிருந்து காலா கோடாவுக்கு மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடம். அங்கே இரும்புச் சட்டத்தால் ஆன ஒரு பெரிய கட்டடம் நிற்கும், எஸ்பிளனேட் மேன்ஷன். வாட்சன்ஸ் ஹோட்டலாகப் பிறந்தது. வார்ப்பிரும்புத் தூண்களையும் உத்தரங்களையும் இங்கிலாந்தில் செய்து, கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்கள். 1896 ஜூலை 7-ஆம் தேதி லூமியர் சகோதரர்களின் சலனப்படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது இங்கேதான். ஹோட்டல் மூடிய பிறகு அறைகளைத் தடுத்துத் தடுத்து வக்கீல்கள் குடியேறினார்கள். எதிரிலேயே கோர்ட் இருக்கும்போது வேறு எங்கே போவார்கள்? நான் போய்வந்த காலத்தில் ஒரு அறைக்குள் மூன்று வக்கீல்கள், ஒரு டைப்பிஸ்ட், ஒரு ஸ்டூல். கட்சிக்காரர் வந்தால் ஜூனியர் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விடுவார். 2005-ல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 2019-ல் எல்லோரையும் காலி செய்ய வைத்தார்கள். வெளியிலிருந்துதான் பார்க்க முடியும், அடியில் நிற்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

எதிரில் இருப்பது பழைய தலைமைச் செயலகம். ஹென்றி செயின்ட் கிளேர் வில்கின்ஸ் வடிவமைப்பு, 1874-ல் முடிந்தது. இப்போது சிட்டி சிவில் மற்றும் செஷன்ஸ் கோர்ட். செஷன்ஸ் கோர்ட் என்றாலே மும்பையின் பழைய தலைமுறை சொல்லும் பெயர் நானாவதி. கடற்படை கமாண்டர், 1959 ஏப்ரலில் தன் மனைவியின் காதலரைச் சுட்டார். பொதுமக்களிலிருந்து எடுத்த ஒன்பது பேர் கொண்ட ஜூரியில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள், ஒருவர் குற்றவாளி என்றார். செஷன்ஸ் நீதிபதி இந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்து ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை, 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு இதுதான் என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னால் தலையாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜூரி முறையின் செல்வாக்கு இதோடு சரிந்தது உண்மை. ஆனால் வேறு சில இடங்களில் ஜூரி பிறகும் நடந்தது, 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் அது அடியோடு போனது.

இங்கிருந்து ஓவல் மைதானத்தின் ஓரமாக வடக்கே நடங்கள். வலப்பக்கம் முதலில் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபம், அடுத்து நூலகமும் ராஜாபாய் கோபுரமும், அதற்கடுத்து ஹைகோர்ட், பிறகு பொதுப்பணித் துறைக் கட்டடம். மணிக்கூண்டு பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பருத்தித் தரகர் தன் தாய் ராஜாபாயின் பெயரால் கட்டக் கொடுத்தது, 280 அடி உயரம். பல்கலைக்கழகக் கட்டடங்களை வரைந்த கில்பர்ட் ஸ்காட் பம்பாய்க்கு ஒருமுறைகூட வந்ததில்லை. இந்த வரிசையையும், மைதானத்துக்கு எதிர்க்கரையில் பிற்காலத்தில் கடலைத் தூர்த்துக் கட்டிய ஆர்ட் டெக்கோ வீடுகளையும் சேர்த்து 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மைதான ஓரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து முழு வரிசையையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தை இதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை, அது நம் வழக்கு அல்ல.

ஹைகோர்ட்டுக்கு வருவோம். ராணுவப் பொறியாளர் கர்னல் ஜேம்ஸ் ஃபுல்லர் வடிவமைத்தது. 1871 ஏப்ரலில் வேலை தொடங்கி 1878 நவம்பரில் முடிந்தது, 1879 ஜனவரி 10-ஆம் தேதி முதல் அமர்வு. நீளம் 562 அடி. ஆன செலவு 16,44,528 ரூபாய். மதிப்பீட்டைவிட 2,668 ரூபாய் குறைவு! ஏழரை ஆண்டு நடந்த ஒரு அரசாங்கக் கட்டட வேலை மதிப்பீட்டுக்குள் முடிந்தது என்று ஒரு காண்டிராக்டரிடம் சொன்னேன், என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

சென்னை ஹைகோர்ட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் கடுகடுப்பாகத் தெரியும். நம்முடையது 1892-ல் வந்தது, குமிழ் குமிழான மாடங்களும் செங்கல் சிவப்புமாக, நாடகக் கொட்டகைக்குரிய குதூகலத்தோடு இருக்கும். இது கருங்கல், கூர் வளைவுகள், ஐரோப்பிய மடாலயம் போன்ற இறுக்கம். மேற்கு முகப்பில் எட்டுப் பட்டை வைத்த இரண்டு கோபுரங்கள் தெரியும். அவற்றுக்குள் இருப்பவை நீதிபதிகளுக்கென்று கட்டிய தனிப் படிக்கட்டுகள். வழக்காடுபவர் கண்ணில் படாமல் நீதிபதி மேலே ஏறி, ஆசனத்துக்குப் பின்னாலிருந்து தோன்ற வேண்டும் என்பது ஏற்பாடு. உச்சியில் இரண்டு பெண் சிலைகள், ஒன்று நீதி, இன்னொன்று கருணை. சிலைகள் உயரத்தில் இருப்பதால் எது நீதி, எது கருணை என்று கீழிருந்து சட்டென்று சொல்வது கஷ்டம்.

உள்ளே போக அடையாள அட்டை வேண்டும், வாசலில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. சுற்றுலாத் துறையின் உதவியோடு வார இறுதியில் வழிகாட்டியுடன் சுற்றிக்காட்டும் ஏற்பாடும் உண்டு. ஆனால் வழக்கு நடக்கும் நாளில் போவதற்கு அது ஈடாகாது. உள்ளே போனதும் தூண்களின் தலைப்பைப் பார்த்துக்கொண்டே நடங்கள். ஓரிடத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கும். ஒரு கண்ணைக் கட்டியிருக்கிறது, கையில் தராசு, தராசு சாய்ந்திருக்கிறது. வேறோர் இடத்தில் வக்கீல் கழுத்துப்பட்டை கட்டிய நரி. கட்டட வேலையில் இருந்த ஒரு பார்சி உள் காண்டிராக்டர், தன் வழக்கு தோற்ற கோபத்தில் இவற்றைச் செதுக்க வைத்துவிட்டார் என்பது தலைமுறைகளாக இங்கே சொல்லப்படும் கதை. கதைக்குச் சாட்சி கேட்காதீர்கள். கோயில் தூணில் கண்ணுக்கு எளிதில் படாத மூலையில் குறும்புச் சிற்பம் வைத்துவிட்டுப் போன நம் ஊர்ச் சிற்பிகளை அறிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு கண் மூடிய குரங்கு நூற்று நாற்பது ஆண்டுக்கு மேலாக அங்கேயே உட்கார்ந்து, கீழே போகும் கோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எந்தத் தலைமை நீதிபதியும் அதை எடுக்கச் சொல்லவில்லை. இந்தக் கோர்ட்டின் மேல் எனக்குள்ள மரியாதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

பிறகு, மற்ற எதை விட்டாலும் விடக் கூடாத இடம், 46-ஆம் அறை. சென்ட்ரல் கோர்ட் என்பார்கள். படி ஏற வேண்டும், லிஃப்ட் எங்கே என்று காவலரிடம் கேளுங்கள். 1908 ஜூலை 13-ஆம் தேதி பால கங்காதர திலகர் மீதான ராஜத் துரோக வழக்கு இங்கே தொடங்கியது. நீதிபதி தின்ஷா தாவர். 1897-ல் இதே திலகருக்கு ஜாமீன் கேட்டு வாதாடிய பாரிஸ்டர் இதே தாவர்தான்! இப்போது ஜாமீன் கேட்டு வந்தவர் ஜின்னா, தாவர் மறுத்துவிட்டார். திலகர் தனக்குத் தானே வாதாடினார், மொத்தம் 21 மணி 10 நிமிடம். ஜூரி ஒன்பது பேரில் ஏழு ஐரோப்பியர் குற்றவாளி என்றனர், இரண்டு பார்சிகள் இல்லை என்றனர். ஜூலை 22, இரவு ஒன்பது மணி கடந்த பிறகு தீர்ப்பு: ஆறு ஆண்டு நாடு கடத்தல். ஜூரி என்ன சொன்னாலும் தான் குற்றமற்றவன் என்றும், மனிதர்களின் விதியையும் நாடுகளின் விதியையும் நடத்துகிற மேலான சக்திகள் உண்டு என்றும் திலகர் சொன்ன வாசகம் அறைக்கு வெளியே பளிங்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1956-ல் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அதைத் திறந்துவைத்தார். தான் தலைமை வகிக்கும் நீதிமன்றம் கொடுத்த தண்டனைக்கு, அதே நீதிமன்றத்துச் சுவரில் தண்டனை பெற்றவரின் சொல்லைப் பதித்தார். தீர்ப்பைக் கேட்டுப் பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஆண்டுக்கு ஒரு நாள் கணக்கு.

நீங்கள் நெல்லைக்காரர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். திலகர் வழக்கு தொடங்குவதற்கு ஆறு நாள் முன்பு, ஜூலை 7-ஆம் தேதி, உங்கள் ஊரில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இருபதும் இருபதுமாக நாற்பது ஆண்டு தண்டனை விதித்திருந்தார். பின்னர் மேல்முறையீட்டில் அது குறைந்தது வேறு விஷயம். குருவென்று வ.உ.சி. ஏற்றுக்கொண்டவர் திலகர். ஒரே மாதத்தில் தாமிரபரணிக் கரையிலும் அரபிக் கடற்கரையிலும் ஒரே குற்றச்சாட்டு. அந்தப் பளிங்கின் முன் நின்று உங்கள் மகளுக்கு வ.உ.சி. கதையைச் சொல்லுங்கள். பின்னால் சனத் (வக்கீல் தொழில் செய்யும் உரிமம்) பறிபோனது, அதை மீட்டுக்கொடுத்த வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் நினைவாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தது வரை.

இன்னொரு பெயரும் இங்கே சொல்ல வேண்டும், இது என் தொழிலோடு ஒட்டியது. இந்தக் கோர்ட்டின் ஒரிஜினல் சைடில், அதாவது மேல்முறையீடாக இல்லாமல் நேரே இங்கேயே தொடுக்கும் வழக்குகளின் பிரிவில், பழைய முறைப்படி கட்சிக்காரர் நேரே பாரிஸ்டரிடம் போக முடியாது. முதலில் சாலிசிட்டர், அவர் பிரீஃப் (வழக்குக் கட்டு) கட்டி, கோர்ட்டில் வாதாடும் பாரிஸ்டருக்கு அனுப்புவார். அம்பேத்கர் 1923-ல் இங்கே பாரிஸ்டராகத் தொழில் தொடங்கினார். கொலம்பியாவிலும் லண்டனிலும் வாங்கிய பட்டங்கள் இருந்தன, பிரீஃப் வரவில்லை. பிரீஃப் கொடுக்கும் கை சாலிசிட்டரின் கை, அந்தக் கை சாதி பார்த்தது. அதனால் வெளியூர்க் கோர்ட்டுகளிலும் கிரிமினல் வழக்குகளிலும் அவர் தொழில் பார்க்க வேண்டியிருந்தது. அறிவு போதாமல் தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாசலிலேயே வழி மறிக்கிற ஒரு முறை எப்படி வேலை செய்தது என்பதைச் சட்டம் படிக்கிற பெண் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இரட்டை முறை 1970-களில் சட்டப்படி முடிந்தது. சாலிசிட்டர் பரீட்சை மட்டும் மும்பையில் இன்றும் நடக்கிறது.

காந்தியின் கதை கொஞ்சம் இலகுவானது. லண்டனிலிருந்து திரும்பிய புதிதில் சிறு தொகை வழக்குகளுக்கான பம்பாய் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் முதல் வழக்கு, மமிபாய் என்ற பெண்மணிக்காக. ஃபீஸ் முப்பது ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. உட்கார்ந்தார், ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். ஹைகோர்ட்டுக்கு வேடிக்கை பார்க்கப் போய்த் தூங்கிவிழுந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். ஸ்மால் காசஸ் கோர்ட் சற்றுத் தள்ளி தோபி தலாவ் பக்கம் இருக்கிறது, முழங்காலை நினைத்து அதை விட்டுவிடலாம். கதையை மட்டும் மகளிடம் சொல்லுங்கள், கல்லூரியில் ஒத்திகையாக வாதாடும் முதல் மூட் கோர்ட்டுக்கு உதவும்.

பத்தரை மணிக்குள் ஏதாவது ஒரு கோர்ட் அறையின் பின் வரிசையில் உட்கார்ந்துவிடுங்கள். நீதிபதிக்கு முன்னால் வெள்ளித் தடியோடு வருபவர் இங்கே சோப்தார், சென்னையில் டபேதார். அன்றைய வழக்குப் பட்டியலை இங்கே 'போர்டு' என்பார்கள். என் மேட்டர் போர்டில் இருக்கிறது, போர்டு பெரிசு, இன்று போர்டு முடியாது என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரிஜினல் சைடு அலுவலகத்தின் தலைவருக்கு புரோதோனோட்டரி அண்ட் சீனியர் மாஸ்டர் என்று பட்டம். இந்தச் சொல்லைத் தப்பில்லாமல் உச்சரிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

மற்ற கோர்ட்டுச் சொற்கள் நமக்கு அந்நியமே இல்லை. வகீல், ஜாமீன், தாவா, ஜப்தி, கைதி என்று மராத்திக்காரர் பேசுவது பாதிக்கு மேல் நம் ஊர் முன்சீப் கோர்ட் பாஷை. பாரசீகமும் அரபியும் இரண்டு ஊருக்கும் கொடுத்துவிட்டுப் போன சொத்து. ஒரு சொல்லில் மட்டும் நான் கவிழ்ந்தேன். சேர்ந்த முதல் வாரம், வழக்கு எந்தத் தேதிக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தெரிந்த அரைகுறை ஹிந்தியில் "வாய்தா எப்போது?" என்று பக்கத்து மேஜை குஜராத்தி குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, எந்தச் சரக்கில் பணம் போட்டிருக்கிறாய் என்று ரகசியமாகக் கேட்டார். இங்கே வாய்தா என்றால் வருங்கால விலைக்கு இப்போதே பேரம் பேசும் வியாபாரம். கோர்ட்டில் சொல்ல வேண்டியது 'தாரீக்'.

வெளியே வந்ததும் முகப்புப் பக்கம் போகாமல் ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கத்துச் சந்துகளில் நுழையுங்கள். நான் வேலை நாளில் வரச் சொன்னதே இதற்காகத்தான். கழுத்துப்பட்டையும் கவுனும் விற்பவர், நோட்டரி, ஸ்டாம்ப் விற்பவர், ஜெராக்ஸ் கடை, ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட். இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டர். ஒருவரின் அருகில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கட்சிக்காரர் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். வீடு, அண்ணன், அப்பாவின் கையெழுத்து, அழுகை. டைப்பிஸ்ட் தலை நிமிராமல் அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட பத்திகளாக இறக்கிக்கொண்டிருப்பார். என் காலத்தில் மனுக்களையும் பிரமாண வாக்குமூலங்களையும் பச்சை நிற லெட்ஜர் தாளில்தான் அடிக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் வெள்ளைத் தாளில் நாற்பது பக்கம் அடித்துவிட்டேன், தவறு என்னுடையது. ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்து பச்சையில் மறுபடி அடித்தேன். கடைசி ரயிலில் மாட்டுங்காவில் இறங்கியபோது விரல் நுனியெல்லாம் கார்பன்.

ஹைகோர்ட்டுக்குள் ஒரு சிறு அருங்காட்சியகமும் இருக்கிறது, 2015-ல் திறந்தது. காந்தி, ஜின்னா தொடர்பான ஆவணங்கள், பழைய நாற்காலிகள். திறந்திருந்தால் கால்மணி நேரம் போதும். பாந்திரா கிழக்கில் முப்பது ஏக்கரில் புதிய ஹைகோர்ட் வளாகம் வரவிருக்கிறது. அது வந்த பிறகு இந்தச் சந்துகள் என்ன ஆகும் என்பதற்கு, லயன் கேட் எதிரில் நீங்கள் பார்த்த கட்டடமே பதில். அதனால் ஒத்திப்போடாமல் இந்தப் பயணத்திலேயே பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஃபோர்ட்டிலேயே ஈரானி கடைகள் உண்டு, பன் மஸ்காவும் சாயும் கிடைக்கும். ஆனால் மதியம் உங்களுக்குச் சோறு வேண்டுமென்றால் சர்ச்கேட்டில் மெதுவான லோக்கல் ஏறி மாட்டுங்கா ரோட்டில் இறங்குங்கள். பாலத்தைக் கடந்து சென்ட்ரல் லைன் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் வந்தால் ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங். வாழை இலைச் சாப்பாடு கேளுங்கள். மாடிப்படி இருக்கிறது, ஒவ்வொரு படியாக ஏறுங்கள். ஒரு மணிக்கு முன் போனால் வரிசை குறைவு.